மறுபக்கத்து நகரமும் மூத்தாள் பொட்டும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்பது இன்றைக்கும் எனக்குக் குத்துமதிப்புதான். என் மகள் ஒரு தடவை திருத்திக் கொடுத்திருக்கிறாள். அவள் கண்ணுக்கும் தப்பிய பிழைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பழைய காமிக்ஸ் பிரியர்கள் பதினைந்து பேர் போன மாதம் திண்டுக்கல்லில் ஒரு டீக்கடை மாடியில் கூடினோம். எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது. ஆனால் பேச்சு முழுக்க ‘மறுபக்கத்து நகரம்’ பற்றித்தான். எண்பதுகளில் கோடை மலரில் முதல் பாகமும் தீபாவளி மலரில் இரண்டாம் பாகமுமாக வந்த கதை. அதில் வீணடிக்கப்பட்ட பாத்திரம் யார் என்று பெரிய சண்டை. எனக்கும் ஒரு அபிப்பிராயம் இருந்தது. சொல்ல வாய் வரவில்லை. நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கடைசியில், ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள், சேர்த்து ஒரு மலர் போடலாம் என்றார்கள். இது இரண்டு பக்கத்துக்கு மேல் போகும். அதற்கும் மன்னிப்பு.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளி வேங்கை என்று ஒரு முகமூடி வீரன். அவனுடைய கூட்டாளி டேனி ஒரு தீ விபத்தில் இறந்துபோகிறான். டேனியின் இடத்துக்கு, டேனியின் முகமூடியையே மாட்டிக்கொண்டு, லீனா என்ற பெண் வருகிறாள். ஒரு நாள் வெள்ளி வேங்கை, எதிரெதிராக மாட்டியிருக்கும் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே நிற்கிறான். வரிசையாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும் தன் உருவங்களில் ஏழாவதைப் பார்த்து நடக்கிறான். கையில் டேனியின் சின்ன உலோக வில்லை. அந்தப் பக்கத்தில் உயிரோடு இருப்பவரின் பொருள் ஒன்று கையில் இருந்தால்தான் கண்ணாடி வழிவிடும். உள்ளே போனால் அதே நகரம், அதே ஆட்கள், ஆனால் எல்லாம் வேறு மாதிரி நடந்துவிட்டிருக்கிறது. அங்கே டேனி சாகவில்லை. கொடியவன் டாக்டர் நஞ்சு அங்கே தர்ம ஆஸ்பத்திரி நடத்துகிறார். நம் வெள்ளி வேங்கைதான் அங்கே கொடுங்கோலன்.

வீணடிக்கப்பட்டவர் என்று டீக்கடை மாடியில் பாதிப் பேர் சொன்னது பூட்டுக்காரக் கிழவர் பெட்ரோவை. எந்தப் பூட்டையும் காதை வைத்துக் கேட்டே திறந்துவிடும் மனிதர். அவரை ஒரே ஒரு கதவைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கதாசிரியர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பூட்டு செய்கிற ஊரில் அதை யார் மன்னிப்பார்கள்? நியாயமான கோபம்தான். டாக்டர் நஞ்சு நல்லவரான கதையைத் தனிப் புத்தகமாகவே போட்டிருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அதுவும் சரிதான். லீனாவின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. அவளைப் பற்றி முதன்முதலில் கேட்டவர் என் சின்னம்மா.

அப்போது எங்கள் வீடு சின்னாளப்பட்டியில். அப்பா எந்நேரமும் தறிக்குழியில் இருப்பார். என்னைப் பெற்ற அம்மா எனக்கு மூன்று வயதாகும்போது காய்ச்சலில் போய்விட்டார். கைப்பிள்ளையை யார் பார்ப்பது என்று பெரியவர்கள் பேசி, அம்மாவின் தங்கையையே அப்பாவுக்குக் கட்டிவைத்தார்கள். சின்னம்மா அப்போதுதான் பத்தாவது முடித்து, காந்திகிராமத்தில் மேற்கொண்டு படிப்பதற்கு விண்ணப்பத் தாள் வாங்கி நிரப்பி வைத்திருந்தாராம். அந்தத் தாள் எங்கள் டிரங்குப் பெட்டியின் அடியில், சேலைகளுக்குக் கீழே விரிப்பாகக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் சனத்தில் ஒரு வழக்கம். இரண்டாந்தாரமாக வருகிறவள் தன் தாலிக் கயிற்றில், இறந்துபோன மூத்தவளுக்காக ஒரு சின்னத் தங்கப் பொட்டையும் சேர்த்துக் கோத்துக்கொள்ள வேண்டும். மூத்தாள் பொட்டு என்பார்கள். என் அம்மாவின் தாலியிலிருந்து ஒரு துளித் தங்கம் எடுத்துச் செய்தது அது. மிளகு அளவுதான் இருக்கும். அது கழுத்தில் இருக்கிற வரைக்கும் மூத்தவள் கோபப்படாமல் வீட்டைக் காப்பாள். அது தொலைந்தால் வீட்டுக்கு ஆகாது.

அந்தக் கோடை மலர் வந்த வருடம் பங்குனியில் நான் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். யாரும் நிறுத்தவில்லை. வாத்தியார் எழுப்பிவிட்டால் எனக்கு ஒரு வரி வாசிக்க வராது, பையன்கள் சிரிப்பார்கள், நானே போகாமல் இருந்துகொண்டேன். அப்பா என்னைத் தறிக்குத் தார் நூல் சுற்ற உட்கார்த்திவிட்டார். திண்டுக்கல் போன சின்னம்மா பஸ் ஸ்டாண்டில் கோடை மலரை வாங்கி வந்து என் முன்னால் போட்டார்.

“எனக்குக் கை ஒழியல அப்பு. நீ சத்தமாப் படி. நான் கேட்டுக்கிட்டே வேலயப் பாக்குறேன்.”

சுங்குடிச் சேலைக்குத் துணியைக் கிள்ளிக் கிள்ளி நூலால் முடிச்சுப் போடுகிற வேலை அவருக்கு. கண்ணும் கையும் துணியில் இருக்கும். காது மட்டும் எனக்கு. என்னை யாரும் பார்க்காததால் எனக்குத் தடங்கல் இல்லாமல் வாசிக்க வந்தது. வைகாசி முடிவதற்குள் அந்தப் புத்தகத்தை ஒன்பது தடவை வாசித்துவிட்டேன்.

நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு கட்டம். மறுபக்கத்து நகரத்தின் பாலத்தில் வெள்ளி வேங்கை நிற்கிறான். எதிரே கூட்டத்தோடு கூட்டமாக லீனா வருகிறாள். முகமூடி இல்லை. கையில் மூடிபோட்ட ஒரு கூடை. இவனைத் தெரியாதவள் போலத் தாண்டிப் போய்விடுகிறாள். அவ்வளவுதான். அடுத்த கட்டத்தில் டுமீல் என்று சண்டை தொடங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் சின்னம்மா அங்கே நிறுத்துவார்.

“நில்லு. அந்தப் புள்ள கூடையில என்னத்தக் கொண்டு போறா?”

“எனக்கென்ன தெரியும்? மூடியிருக்கு.”

“எங்குட்டுப் போறா?”

“அதெல்லாம் போட மாட்டாங்க சின்னம்மா. அங்கதான் டேனி சாகலைல. அப்ப இவ தேவையில்ல.”

“தேவையில்லன்னா? சோறு திங்காமயா இருப்பா?”

எனக்கு எரிச்சலாக வரும். அடுத்த கட்டத்தில் கோபுரம் இடிந்து விழப்போகிறது. இவர் கூடையைக் கேட்கிறார். ஒரு நாள் தெளிவாகப் புரியவைத்துவிடலாம் என்று உதாரணம் சொன்னேன்.

“இப்ப நம்ம வீட்டையே எடுத்துக்க. அந்த ஊர்ல எங்கம்மா உசுரோட இருக்கும். அப்ப நீ இங்க இருக்க மாட்டேல்ல. அந்த மாதிரி.”

முடிச்சுப் போடுகிற கை செத்த நேரம் நின்றது. பிறகு சின்னம்மா சிரித்தார்.

“அதுஞ் சரிதான். அப்ப நானும் எங்குட்டாச்சும் கூடையத் தூக்கிட்டுப் போறேன். நீ மேல படி.”

ஒரு வழியாகப் புரிந்துகொண்டார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அது மட்டுமல்ல, சொன்ன உதாரணம் எனக்கே பிடித்துப்போய்விட்டது. மறுபக்கத்தில் எங்கம்மா இருக்கிறார். எதிரெதிர்க் கண்ணாடி கடைவீதி சலூனில் இருக்கிறது. அம்மாவின் பொருள்? அது சின்னம்மாவின் கழுத்தில் இருக்கிறது.

ஆடிப் பதினெட்டு அன்று பெண்கள் தாலிக்குப் புதுக் கயிறு மாற்றுவார்கள். சின்னம்மா காலையிலேயே குளித்து, மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துக் கட்டிக்கொண்டார். மூத்தாள் பொட்டை மட்டும் தனியே ஒரு தட்டில் அம்மாவின் போட்டோ முன்னால் வைத்தார். அதற்கு ஒரு சூடம் காட்டிவிட்டுத்தான் கோக்க வேண்டும். அதற்குள் பழைய கயிற்றை ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று போனார். எங்கள் ஊரில் ஆறு கிடையாது. தோட்டத்துப் பம்புசெட்டு வாய்க்கால்தான் எங்களுக்குக் காவிரி. அவர் தெருமுனை திரும்பியதும் நான் பொட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நல்ல நாளில் யாரும் முடி வெட்டிக்கொள்ள மாட்டார்கள். சலூன் திறந்துதான் இருந்தது; சலூன்காரர் பின்னால் எங்கோ போயிருந்தார். நாற்காலிக்கு முன்னால் ஒரு கண்ணாடி, பின் சுவரில் பெஞ்சுக்கு மேல் ஒரு கண்ணாடி. பெஞ்சில் ஏறி நின்றேன். உள்ளே நான், எனக்குள் நான், அதற்குள் இன்னொரு நான். வலது கையில் பொட்டை இறுக்கிக்கொண்டு எண்ணினேன். ஏழாவதாக இருந்தவன் கொஞ்சம் பச்சையாக, என்னைவிட நல்ல பையனாகத் தெரிந்தான். அவன் தலைக்கு யாரோ எண்ணெய் வைத்து வாரிவிட்டது போல் இருந்தது. வெள்ளி வேங்கை தயங்கவே மாட்டான். நானும் தயங்கவில்லை.

நெற்றி கண்ணாடியில் மோதிய சத்தம் எனக்கு இன்றும் கேட்கும். கண்ணாடி உடையவில்லை. நான்தான் பெஞ்சிலிருந்து விழுந்தேன். கை திறந்துகொண்டது. பொட்டு எகிறி, மூலையில் இருந்த சாக்குக்குள் விழுந்தது. ஒரு வாரமாக வெட்டிய முடியெல்லாம் பெருக்கி அள்ளிப் போட்டிருந்த சாக்கு. கையை விட்டுத் துழாவினேன். முடி, மேலும் முடி. அதற்குள் சலூன்காரர் வந்துவிட்டார்.

“ஏலே, யார்றா அது? மயித்துக்குள்ள கைய விட்டு என்னடா தேடுற?”

ஓடிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே சத்தம். அப்பாவின் அக்கா, என் அத்தை, எரியோட்டிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கியிருந்தார். சின்னம்மா வெறும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே வந்ததும் என்னைப் பார்த்தார். நெற்றி வீங்கியிருந்ததைப் பார்த்தார். என் கையிலும் சட்டையிலும் ஒட்டியிருந்த பொடி முடியைப் பார்த்தார். அத்தை பக்கம் திரும்பினார்.

“நாந்தான் மதினி. பழைய கயித்தோட சேத்து வாய்க்கால்ல விட்டுட்டேன் போலருக்கு.”

“நல்ல நாளும் அதுவுமா மூத்தாளத் தண்ணியில விட்டுட்டு வந்து நிக்கிறியா? ஏண்டி, அவ எடத்துல உக்காந்திருக்க, அவ சோத்துச் சட்டியில ஆக்குற, அவளுக்குன்னு இம்புட்டுண்டு பொன்னச் சொமக்க ஒனக்குக் கழுத்து வலிக்குதா?” அத்தை என் முகத்தைப் பிடித்துத் திருப்பினார். “பாரு, பாரு! அதுக்குள்ள பெத்தவ வந்து புள்ள நெத்தியில அடிச்சுட்டுப் போயிட்டா!”

தறிச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. அப்பாவின் பங்கு அவ்வளவுதான்.

அத்தை திட்டிக்கொண்டே இருக்க, சின்னம்மா பாயை விரித்தார். தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், இலை போட்டார், வெஞ்சனம் பரிமாறினார். சாப்பிட்டுக் கை கழுவிய அத்தை முடிவாகச் சொன்னார்.

“பொட்டு வந்து சேருற வரைக்கும் பய எங்கிட்ட இருக்கட்டும். நாளைக்கு மத்தியான பஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போறேன். இங்கன விட்டா மூத்தவ இவன உசுரோட விட மாட்டா.”

அப்போதுதான் சின்னம்மா வாயைத் திறந்தார்.

“என்னய என்ன வேணாலும் சொல்லுங்க மதினி. புள்ளய மட்டும் விட்டுட்டுப் போங்க.”

“பொட்டக் காட்டு, விட்டுட்டுப் போறேன்.”

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

மறுநாள் நான் எழுந்தபோது சின்னம்மா வீட்டில் இல்லை. அத்தை என் இரண்டு சட்டைகளை மடித்து மஞ்சள் பையில் வைத்துவிட்டார். வெயில் நன்றாக ஏறிய பிறகு சின்னம்மா வந்தார். தலைக்குக் குளித்து, ஈரம் சொட்டச் சொட்ட வந்தார். நேரே அம்மாவின் போட்டோ முன்னால் சூடம் காட்டி, பொட்டைக் கயிற்றில் கோத்துக்கொண்டு அத்தை முன்னால் போய் நின்றார். அத்தை அதைக் கயிற்றோடு இழுத்துப் பல்லில் கடித்துப் பார்த்தார்.

“எங்கடி கெடந்துச்சு?”

“மடை வாயில. மண்ணோட மண்ணா.”

அத்தை என் பையிலிருந்து சட்டைகளை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டுத் தனியாக பஸ் ஏறினார். ஆனால் கதையைக் கையோடு கொண்டுபோய்விட்டார். கல்யாணம், காதுகுத்து, எங்கே கூடினாலும், ‘மூத்தாளத் தண்ணியில விட்டவ’ என்றால் சொந்தத்தில் எல்லோருக்கும் யாரென்று தெரியும். சின்னம்மாவும் சேர்ந்து சிரிப்பார். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

தீபாவளிக்கு இரண்டாம் பாகம் வந்தது. வெள்ளி வேங்கை கொடுங்கோலனை வென்றான், கண்ணாடி வழியே திரும்பி வந்தான், டேனி அந்தப் பக்கத்தில் நின்று கையை ஆட்டினான். லீனா பாலத்தைத் தாண்டி எங்கே போனாள் என்று நூற்றிருபது பக்கத்தில் ஒரு வரி இல்லை. சின்னம்மா கடைசிப் பக்கம் வரை காத்திருந்து கேட்டார்.

“அவள அவன் தேடவே இல்லையா?”

“இல்ல.”

“போகட்டும். அவளுக்கும் சோலி இருக்கும்ல.”

என் அபிப்பிராயம் இதுதான், நண்பர்களே. பெட்ரோவுக்கு ஒரு கதவாவது கிடைத்தது. ஒருவன் செத்தான் என்பதற்காகத் தன் முகத்தை மூடிக்கொண்டு அவன் முகமூடியோடு ஆறு புத்தகம் ஓடியவள் லீனா. அவன் சாகாத ஊரில் அவள் என்ன ஆகியிருப்பாள் என்பதைவிடப் பெரிய கேள்வி அந்தக் கதையில் கிடையாது. கதாசிரியருக்கு அது தோன்றவில்லை. அவரை நான் குறை சொல்ல முடியாது. எனக்கும் தோன்றவில்லை.

பொட்டு எப்படி வந்தது என்பது எனக்குத் தெரிந்தது பதினான்கு வருடம் கழித்து. என் கல்யாணத்துக்கு முந்தின நாள் அதே சலூனில் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தேன். சலூன்காரருக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்த வயது. சோப்பு நுரையைப் பூசிக்கொண்டே சொன்னார்.

“மாப்ள, ஒங்க சின்னம்மா மாதிரி ஒரு பொம்பளய நான் பாத்ததில்ல. ஒரு ஆடியில, விடிஞ்சும் விடியாம கடை தெறக்க வாரேன், பின்சந்துல சொளக வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. ‘அந்தச் சாக்கக் கொட்டுங்கண்ணே’ன்னுச்சு. ஊரான் மயிரெல்லாம் தாயி, நான் தேடித் தாரேன்னேன். ‘எங்கக்காளோடது, நான்தான் தேடணும்’னு சொல்லிருச்சு. ஒரு சாக்கு முடியையும் அரிசி பொடைக்கிற மாதிரிப் பொடைச்சு எடுத்துச்சு. யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிருச்சு. இப்ப நீ பெரிய மனுசன் ஆயிட்ட. சொன்னா என்ன?”

ஆண்களே குனிந்து நுழைகிற கடை அது. பெண்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எதிர்க் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

அன்று வீட்டுக்குப் போனதும் எனக்குத் தெரியும் என்று சின்னம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். பந்தல்காரர்கள் வந்திருந்தார்கள். சொல்லவில்லை. அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அத்தை இப்போது இல்லை. போன மாதம் ஒரு வளைகாப்பில், அத்தையின் பேத்தி ஒருத்தி சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து அந்த வாய்க்கால் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சின்னம்மா, காது கொஞ்சம் மந்தமாகிவிட்டதால், எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இந்த எழுத்து அந்தப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். அவர் பொட்டைத் தண்ணீரில் விடவில்லை. நான்தான் எடுத்தேன்.

அத்தை பஸ் ஏறிப் போன அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். சின்னம்மா துணியோடு உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு ஒரே சந்தோஷம். சலூன் சாக்குக்குள் போன பொட்டு சின்னம்மாவின் கழுத்துக்கு வந்திருக்கிறது என்றால் ஒரே ஒரு வழிதான் இருக்க முடியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது போய்ச் சேர்ந்திருக்கிறது.

“எங்கம்மாதானே திருப்பிக் குடுத்துச்சு?” என்று காதில் கேட்டேன்.

சின்னம்மா என் நெற்றி வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“ஆமா அப்பு. பத்திரமா வச்சுக்கன்னு குடுத்துச்சு.”

“வேற என்ன சொல்லுச்சு?”

“எம்புள்ளய நல்லாப் பாத்துக்கிறியான்னு கேட்டுச்சு.”

“நீ என்ன சொன்ன?”

“நான் என்னத்தச் சொல்ல? அத நீயில்ல சொல்லணும்.”

சொல்லிவிட்டு, துணியை மடியில் போட்டுக்கொண்டு, கை அசையாமல் இருந்தார். அவர் என்னிடம் கேட்கிறார் என்பது எனக்குத் தெரியவில்லை. அவருக்கு அப்போது இருபத்துமூன்று வயதுதான் என்பதும் தெரியவில்லை. எனக்குப் பசித்தது. பசிக்குது என்றேன். சின்னம்மா எழுந்து அடுப்படிக்குப் போனார்.

நல்லாப் பாத்துக்கிட்ட, சின்னம்மா. எங்கம்மா எந்தப் பக்கத்தில் இருந்து கேட்டாலும் நான் இதையே சொல்வேன்.

தை மாதம் இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.